ஆங்கிலம் அறிவோம்: மூன்று சொற்கள், ஒரு வினை

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையைச் சூழ்ந்த எல்லைச் சிற்றூர்களிலும் பிறந்து, பிழைப்பின் பொருட்டுப் பிற நாடுகளுக்குச் சென்றிருக்கும் நம்மவர்க்கு இருமொழிப் பழக்கம் புதிதன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை வகுக்கப்பட்டதேயன்றிப் பேச்சு பிரியவில்லை. இவ்வூர்ப் பிள்ளைக்கு 'வெள்ளம்' என்றால் குடிக்கும் நீர். தமிழ்ப் பாடநூலைத் திறந்தால் அதுவே ஆற்றுப் பெருக்கு. அறிந்த சொல்லேயாயினும் அது நிற்கும் இடங்கண்டே பொருள் கொள்ள வேண்டும் என்பதை நாம் இளமையிலேயே கற்றோம். ஆங்கிலத்தின் மூன்று சொல் வினைகளைப் பயிலுங்கால் இவ்வறிவு பெரிதும் துணை செய்யும்.

'புட்' என்பது வை. 'அப்' என்பது மேலே. 'வித்' என்பது உடன். கூட்டினால் 'உடன் மேலே வை' என்றன்றோ வரவேண்டும்? ஆயினும் 'புட் அப் வித்' என்பதன் பொருள் பொறுத்துக்கொள் என்பதே. இதுகண்டு மருள வேண்டா. நம் 'விட்டுக்கொடு' என்னும் வினையில் விடுதலையும் கொடுத்தலையும் தனித்தனியே ஆராய்ந்தால் இணங்கிப் போதல் என்னும் பொருள் கிட்டுமோ? அதனைப் பிளந்து 'விட்டு, அதைக் கொடு' என்றால் பொருளே மாறிவிடும். அவ்வாறே 'புட் அப் வித் இட்' என்பதே முறை. 'இட்' என்பதை நடுவே நுழைத்தல் பிழை.

மூன்றாவது சொல் சிறிதென்று புறக்கணித்தலும் ஆகாது. வெளிநாட்டு மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர் ஒருவர், இன்சுலின் தீர்ந்துபோனதை மருந்தகத்திற்கு அறிவிக்க வேண்டும் எனக் கொள்வோம். 'தி இன்சுலின் ஹாஸ் ரன் அவுட்' எனலாம். இங்கே மருந்தே எழுவாய். தம்மை எழுவாயாக்கினால் 'வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் இன்சுலின்' என்றே கூறவேண்டும். 'வீ ஹாவ் ரன் அவுட்' என்று மட்டும் நிறுத்தினால், 'நாங்கள் வெளியே ஓடிவிட்டோம்' என்றும் கொள்ள இடமுண்டு. தீர்ந்தது எது என்று அறியாமல் மறுமுனையில் இருப்பவர் திகைப்பார். நோயாளியோ ஊசிக்குக் காத்திருப்பார்.

'லுக் அப் டு' என்பது மதித்துப் போற்றுதல். 'லுக் டவுன் ஆன்' என்பது இழிவாக எண்ணுதல். மேலதிகாரியைப் பற்றி எழுதுங்கால் இவை இடம் மாறினால் விளையும் கேட்டினைச் சொல்லவும் வேண்டுமோ? பேச்சில் 'அப்', 'டவுன்' என்னும் நடுச்சொல்லின்மேல் குரல் ஊன்றும். நம் செவி அதனைப் பற்றிக்கொள்ளட்டும்.

கடிதங்களில் மிகுதியாகப் பயில்வது 'லுக் ஃபார்வர்ட் டு'. ஆவலுடன் எதிர்நோக்குதல் என்பது பொருள். 'டு' வந்ததும் 'மீட் யூ' என எழுதுவோர் பலர். 'மீட்டிங் யூ' என்பதே சரி. தமிழிலும் 'தங்களைச் சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்' என்று தொழிற்பெயரை வைத்தே எழுதுகிறோம். 'சந்திக்க எதிர்நோக்குகிறேன்' என்பதில்லை.

இவ்வினைகளுட் பல பேச்சுக்கும் உறவினர் கடிதத்திற்கும் உரியவை. அலுவலக முறையீட்டில் 'புட் அப் வித்' என்பதற்கு மாறாக 'டாலரேட்' என்னும் ஒற்றைச் சொல் பொருந்தும்.

அன்பர்களே, இத்திங்களுக்குரிய பயிற்சி இது: 'கட் டவுன் ஆன்', குறைத்துக்கொள், 'கெட் ஆன் வித்', இணங்கிப் பழகு, 'கேட்ச் அப் வித்', முன்சென்றவரை எட்டிப்பிடி. ஒவ்வொன்றுக்கும் தங்கள் இல்லத்துச் செய்தியைக் கொண்டே ஒரு வாக்கியம் எழுதுக. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும். பெரியோர் அதற்கு நேரான தமிழ் வினையைக் கூறட்டும். இரு மொழியும் ஒரே விளக்கின் கீழ் வளரும்.