செயற்கைக்கோளைப் பதம் பார்க்கும் ‘கொலைகார எலெக்ட்ரான்’கள்: இவ்வளவு வேகம் எங்கிருந்து வருகிறது?

திருத்தங்கல், சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் மருந்து அறைக்குள் நுழையும் முன் செப்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். இல்லாவிட்டால் சின்னப் பொறி போதும், அறையே தரைமட்டம்தான்.

காயப்போட்ட பட்டாசு நனையாமலிருக்க மழை முன்னறிவிப்பு வேண்டும். அதற்கு உதவும் இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோள்களுக்கும் இதே ஆபத்து உண்டு. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் தொடுவதற்கு மண் ஏது?

ஆபத்து எங்கே இருக்கிறது?

பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்கள் வளையங்களாகச் சுற்றுகின்றன. 1958-ல் கண்டறியப்பட்ட இவை ‘வான் ஆலன் வளையங்கள்’. வெளி வளையத்தின் சில எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் 90 சதவீதத்தைத் தாண்டுகின்றன. சூரியக் காற்றில் வரும்போது இந்த வேகம் கிடையாது.

வேகம் எப்படி ஏறுகிறது?

இரண்டு வழிகள். ஒன்று, வெளியிலிருந்து பூமியை நோக்கித் தள்ளப்படும்போது, காந்தப்புலம் வலுவாக வலுவாக ஆற்றல் கூடுகிறது.

இரண்டாவது, வளையத்துக்குள்ளேயே நடப்பது. அங்கே ‘கோரஸ்’ எனப்படும் மின்காந்த அலைகள் உண்டு. ஒலியாக மாற்றிக் கேட்டால் பறவைகள் கூட்டமாகக் கத்துவது போலிருக்கும். எலெக்ட்ரானின் சுழற்சியோடு அலையின் சுழற்சி ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் வேகம் ஏறிக்கொண்டே போகும்.

2012 அக்டோபர் காந்தப் புயலின்போது நாசாவின் ‘வான் ஆலன்’ இரட்டை விண்கலங்கள் இதற்கு வலுவான சான்று தந்தன. எலெக்ட்ரான்கள் வெளியே அல்ல, வளையத்தின் நடுவிலேதான் பெருகின.

என்ன சேதம்?

இந்த எலெக்ட்ரான்கள் உலோகக் கவசத்தையும் துளைத்து, கேபிள் உறையிலும் சர்க்யூட் போர்டிலும் தங்கிவிடும். மின்னூட்டம் அளவு மீறினால் பொறி பறக்கும். 1994 ஜனவரியில் கனடாவின் இரண்டு ‘அனிக்’ செயற்கைக்கோள்கள் இப்படித்தான் கட்டுப்பாட்டை இழந்தன. ஒன்றை மீட்கப் பல மாதங்களாயின.

இப்போது ஏன் பேச வேண்டும்?

2024 மே மாதம் வந்தது, 20 ஆண்டுகளில் மிகப் பெரிய காந்தப் புயல்களில் ஒன்று. அதன்பின் இரண்டு தற்காலிக வளையங்கள் புதிதாக உருவானதை நாசாவின் ‘சர்பி’ குறுஞ்செயற்கைக்கோள் கண்டது. அதில் எலெக்ட்ரான் வளையம் சுமார் மூன்று மாதம் நீடித்தது.

இந்தியாவின் ஆதித்யா-எல்1, 15 லட்சம் கி.மீ. தொலைவில் நின்று சூரியக் காற்றை அளக்கிறது. புயல் அங்கிருந்து பூமிக்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. செயற்கைக்கோள்களின் நுட்பமான கருவிகளை அணைத்துவைக்க அந்த அவகாசம் உதவும். விண்வெளியில் இப்போதைக்குச் செப்புத் தகடு அதுதான்.