மெத்தனால் வந்த வழி

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்று வட்டாரத்திலும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலோர் தலித்துகள், அன்றாடக் கூலிகள். பெண்களும் உண்டு, திருநங்கை ஒருவரும் உண்டு. அதற்கு ஓராண்டு முன்னால், 2023 மே மாதம், மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சேர்த்து இருபதுக்கும் மேல். 2001 டிசம்பரில் நம்ம கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி வட்டாரத்தில் ஐம்பதுக்கும் மேல். மூன்று இடத்திலும் கொன்றது ஒரே பொருள்: மெத்தனால்.

இந்தச் சாவுகளுக்கெல்லாம் 'கள்ளச்சாராயச் சாவு' என்று பேர் வைத்துவிட்டார்கள். பேர் வைப்பதிலேயே பாதி அரசியல் முடிந்துவிடுகிறது. கள்ளச்சாராயம் என்றதும் எல்லாருடைய பார்வையும் சேரிக் குடிசைக்குள் போய் நின்றுகொள்கிறது. யார் குடிச்சான், எத்தனை பாக்கெட் குடிச்சான், பொண்டாட்டி ஏன் தடுக்கல என்ற விசாரணை ஆரம்பமாகிறது. மெத்தனால் என்று சொல்லிப் பாருங்கள். பார்வை குடிசையை விட்டு ரோட்டுக்குப் போகும். ரோட்டிலிருந்து குடோனுக்கு, குடோனிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து துறைமுகத்துக்குப் போகும். அங்கே பார்வை போகக்கூடாது என்பதற்காகத்தான் முதல் பேர் இவ்வளவு சவுகரியமாக இருக்கிறது.

மெத்தனாலைச் சேரியில் யாரும் காய்ச்ச முடியாது தோழர்களே. ஊறல் போட்டு, பானை வைத்து இறக்குகிற சரக்கு இல்லை அது. பெயிண்ட், பிளைவுட் பசை, மருந்து என்று பல தொழிலுக்கு வேண்டிய மூலப்பொருள். இந்தியாவுக்குத் தேவையானதில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. துறைமுகத்தில் இறங்கி, டேங்கர் லாரி ஏறி, மாநில எல்லைகளைத் தாண்டி ஆலைக்குப் போகிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ரசீது உண்டு, வரி உண்டு. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டு விதிகளின்படி இதை வாங்க, வைத்திருக்க, கொண்டுபோக லைசென்ஸ் வேண்டும், பர்மிட் வேண்டும். இத்தனை காகிதம் சுற்றிய பொருள் எப்படி ஒரு கூலிக்காரனின் பிளாஸ்டிக் பாக்கெட்டுக்குள் வந்தது? 2023இல் வந்தது சென்னையை ஒட்டிய ஒரு ரசாயன ஆலைச் சரக்கு, புதுச்சேரி ஆட்கள் கை மாறி வந்தது என்று போலீசே சொன்னது. 2024 விசாரணையிலும் புதுச்சேரி வழி பேசப்பட்டது.

ரோட்டுக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 129 முதல் 137 வரை இதற்காகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டியில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். அதில் ஐ.நா. எண் இருக்க வேண்டும். மெத்தனாலுக்கு அந்த எண் 1230. உலகத்தில் எந்த ரோட்டில் போனாலும் அதே எண்தான். அனுப்புகிறவன் போன் நம்பர் இருக்க வேண்டும். டிரைவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும், விபத்து நடந்தால் என்ன செய்வது என்று எழுதின அட்டை அவர் கையில் இருக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் இந்தச் சட்டத்தின் கண் முழுக்க லாரி கவிழ்வதையும் தீப்பிடிப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. லாரி கவிழாமல், தீப்பிடிக்காமல், ஒழுங்காக நின்று, ராத்திரியில் நாலு டிரம் இறக்கிவிட்டுப் போனால் அந்தப் பலகைக்கு வேலையே இல்லை. டிரம்முக்கு மாறியபிறகு 1230 என்ற எண்ணும் கூட வராது.

எல்லை என்று எதைச் சொல்கிறோம்? கடலூரிலிருந்து வடக்கே கொஞ்சம் போனால் புதுச்சேரி. தெற்கே சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் தாண்டிப் போனால் காரைக்கால், அதுவும் புதுச்சேரி ஆட்சிதான். நடுவில் இருக்கிறோம் நாம். இரண்டு அரசு, இரண்டு கலால் துறை, இரண்டு கணக்குப் புத்தகம். ஒன்றின் கணக்கை இன்னொன்று பார்ப்பதில்லை என்றால் அந்த இடைவெளிதான் வியாபாரியின் முதலீடு. குமராட்சியிலிருந்து இதை எழுதுகிற நான் அந்தச் செக்போஸ்ட்டுகளைப் பார்த்தவன். சைக்கிளில், பைக்கில் வருகிற கூலிக்காரன் மடியைத் தடவிப் பார்த்து ஒரு குவார்ட்டரைப் பிடிக்கிற கை, டேங்கர் வந்தால் காகிதத்தை மட்டும் தொட்டுவிட்டு வழி விடுகிறது. நந்தனைத் தில்லை எல்லையில் நிறுத்திய மண் இது. எல்லை யாரை நிறுத்தும், யாருக்குத் திறக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

உள்ளே போன மெத்தனால் என்ன செய்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் மாதிரியேதான் இருக்கும். கல்லீரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றும். ரத்தம் புளித்துப் போகும், கண் நரம்பு கருகும். உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் வரும். முப்பது மில்லியே ஆளைக் கொன்றுவிடலாம், அதைவிடக் குறைவே கண்ணைப் பறிக்கலாம். போமிபிசோல் என்ற மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. நேரத்தோடு கிடைத்தால் பிழைக்கலாம். பார்வை போய் உயிர் மட்டும் மிஞ்சியவர்களுக்கு நாளைக்கு யார் கூலி வேலை கொடுப்பார்கள்?

'யாரு குடிக்கச் சொன்னா?' என்று கேட்கிறார்கள். ஊர்த்தெருவில் மட்டும் இல்லை, நம்ம கூட்டங்களிலும் கேட்கிறார்கள். குடி நம்ம சனத்தை அரிக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை, குடியை எதிர்த்துப் பேசுவோம். ஆனால் குடிக்கிற எல்லாரும் சாவதில்லை. பாருக்குப் போகிறவன் தள்ளாடிக்கொண்டாவது வீட்டுக்குத் திரும்பி வருகிறான். டாஸ்மாக் குவார்ட்டருக்கும் கூலி பத்தாதவன் மட்டும் பாடையில் போகிறான். இந்த வித்தியாசத்தை ஒழுக்கத்தால் விளக்க முடியாது, கூலியாலும் சாதியாலும்தான் விளக்க முடியும்.

அரசு என்ன செய்தது? செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம். சில அதிகாரிகள் சஸ்பெண்ட். ஒரு விசாரணை ஆணையம். 2024லேயே மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தது. அந்த நவம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. விற்றவனைப் பிடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாக்கெட் விற்றவனோடு நிற்கிற விசாரணை அடுத்த சாவுக்குத் தேதி மட்டும்தான் குறிக்கும். பண்ருட்டிக்கும் கருணாபுரத்துக்கும் நடுவில் இருபத்திரண்டரை வருஷம் அப்படித்தான் போனது.

உலக அளவில் ஒரு நெறி இருக்கிறது. 1998இல் ராட்டர்டாமில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், 2005இல் இந்தியாவும் சேர்ந்தது. பட்டியலில் உள்ள நச்சு ரசாயனம் ஒரு நாட்டுக்குள் வருமுன் அந்த நாட்டுக்குத் தெரிவித்து, சம்மதம் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் பட்டியலில் மெத்தனால் இல்லை. இருந்தாலும் நான் நெறியைக் கேட்கிறேன். நாட்டு எல்லையில் கேட்க வேண்டிய சம்மதத்தைச் சேரி எல்லையில் ஏன் கேட்கக் கூடாது? கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு மக்களிடம் எந்த டேங்கரில் என்ன போகிறது என்று யார் சொன்னார்கள்? 2021 மே மாதம் அங்கே ஒரு பூச்சிமருந்து ஆலையில் வெடித்து நாலு பேர் செத்தார்கள். வெடித்தபிறகுதான் உள்ளே இருந்தது என்ன என்று ஊர் கேட்க முடிகிறது.

ஆகவே நாம் கேட்பது இவை. தமிழ்நாடு, புதுச்சேரி, ஆந்திரா மூன்றும் மெத்தனாலுக்கு ஒரே கணக்கு வைக்கட்டும். ஏற்றியது எவ்வளவு, இறக்கியது எவ்வளவு, ஆலையில் செலவானது எவ்வளவு என்பது பொதுவில் தெரியட்டும். ஆலை மூடினால் மிச்சச் சரக்கை அன்றே எடுத்து சீல் வைக்கட்டும். சில்லறையாக டிரம்மில் விற்கிற மெத்தனாலில் கசப்பும் நிறமும் கலக்கட்டும். கணக்கில் குறைந்தால் முதல் குற்றவாளி முதலாளி என்று எழுதட்டும். சிதம்பரம் மருத்துவக் கல்லூரியில் மட்டும் இல்லாமல் காட்டுமன்னார்கோயில் மாதிரி வட்ட மருத்துவமனைகளிலும் மாற்று மருந்து இருக்கட்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் மெத்தனால் லைசென்ஸ் யார் யாருக்கு, கடைசியாக எப்போது குடோனைச் சோதித்தார்கள் என்று எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் கிராம சபையில் சத்தமாக வாசியுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், அதையும் வாசியுங்கள். 1230 என்ற எண்ணை நம்ம தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நிவாரணச் செக்கு வாங்க வரிசையில் நின்றது போதும். கணக்குக் கேட்க நிற்போம்.