ஊசிக்கு முன்னால் தீவனம்

கிடை முழுதும் ஒரே வாரத்தில் குட்டி போடும் என்று சங்கரன்கோவில் பக்கமும் ஹார்மோன் பஞ்சு பற்றிப் பேச்சு வந்துவிட்டது. பெட்டையின் கருவழியில் 12 முதல் 14 நாள் பஞ்சை வைத்து எடுத்து, ஊசி போட்டால் இரண்டு மூன்று நாளில் பருவத்துக்கு வரும். செயற்கைக் கருவூட்டலுக்கு அது உதவும். அவிகாநகர் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனமே அந்தப் பஞ்சைத் தயாரித்திருக்கிறது. நம்ம கரிசல்காட்டுக் கிடைக்கு எதுக்கு?

குளிர்நாட்டு ஆடுதான் காலம் பார்க்கும். நம்ம ஆடு வருஷம் பூரா, சுமார் 17 நாளுக்கு ஒரு தடவை, பருவத்துக்கு வரும். வராவிட்டால் முதலில் மெலிவையும் குடல்புழுவையும் தாது உப்புக் குறையையும் பாருங்க. கிடா சேர்க்க மூன்று வாரம் முன்பிருந்தே மேய்ச்சலோடு கால் கிலோ கம்போ சோளமோ கொடுங்க. கிடாவை ஒரு மாசம் தள்ளிக் கட்டிவைத்து அப்புறம் விடுங்க. அந்த வாடைக்கே பல ஆடுகள் பருவத்துக்கு வரும்.

முதலே போடாத கணக்கில் வட்டி ஏறுமா? மெலிந்த ஆட்டுக்கு ஊசி போடுவதும் அப்படித்தான்.