இடுப்பில் லோடட் துப்பாக்கி... காப்பாற்றுவது ஓர் உறை: அமெரிக்காவில் ‘ஹோல்ஸ்டர்’ ஏன் உயிர்ப் பிரச்சினை?

2008 பிப்ரவரியில் அமெரிக்கா முழுக்கக் கொண்டாடிய பெயர், பிளாக்ஸிகோ பர்ரஸ். சூப்பர் பவுல் இறுதிப்போட்டியின் கடைசி நிமிடத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியை ஜெயிக்க வைத்த பந்தைப் பிடித்தவர். அதே ஆண்டு நவம்பரில், மன்ஹாட்டனில் உள்ள ஒரு நைட் கிளப்புக்குப் போனார். இடுப்பில் ஒரு துப்பாக்கி. உறை இல்லை; பேன்ட்டுக்குள் அப்படியே செருகியிருந்தார். துப்பாக்கி நழுவிக் காலுக்குள் இறங்கியது. பதறிப்போய்ப் பிடித்தார். குண்டு பாய்ந்தது அவருடைய தொடையிலேயே.

உயிர் பிழைத்தார். ஆனால் நியூயார்க்கில் அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் இல்லை என்பதால் 2009-ல் 2 ஆண்டு சிறைத்தண்டனை. உச்சத்தில் இருந்த ஆட்டம் அங்கேயே தடைபட்டது. அன்று அவர் இடுப்பில் ஒரு சரியான உறை இருந்திருந்தால் உரிமப் பிரச்சினை தீர்ந்திருக்காது. ஆனால் தொடையில் குண்டு பாய்ந்திருக்காது.

இந்தச் சம்பவத்தை இன்று நினைவுபடுத்த ஒரு காரணம் இருக்கிறது. அன்று நியூயார்க்கில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி வாங்குவது மிகக் கடினம். இன்று அமெரிக்காவின் 29 மாநிலங்களில் அதற்கு அனுமதியே தேவையில்லை.

சட்டம் எப்படி மாறியது?

சட்டைக்குள், கோட்டுக்குள் வெளியே தெரியாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்காவில் ‘கன்சீல்டு கேரி’ என்கிறார்கள். 2003-க்கு முன்பு, உரிமம் இல்லாமல் இதைச் செய்ய அனுமதித்த ஒரே மாநிலம் வெர்மான்ட். 2003-ல் அலாஸ்கா, 2010-ல் அரிசோனா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2021-ல் டெக்சாஸ், 2023-ல் ஃப்ளோரிடா. 2024 மார்ச்சில் சேர்ந்த தென் கரோலினா 29-வது மாநிலம்.

இதற்கிடையே 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘ப்ரூயன்’ வழக்கில் 6-3 என்ற கணக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. ‘எனக்குத் துப்பாக்கி தேவை என்பதற்குத் தனிப்பட்ட காரணம் காட்ட வேண்டும்’ என்ற நியூயார்க்கின் பழைய நிபந்தனை செல்லாது என்பதே தீர்ப்பு. பொது இடத்தில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்ட உரிமை என்றது நீதிமன்றம்.

தீர்ப்புக்குப் பிறகு நியூயார்க் ஒரு வழி கண்டுபிடித்தது. உரிமம் தருவோம், ஆனால் 16 மணி நேர வகுப்பும், 2 மணி நேரம் நிஜமாகச் சுடும் பயிற்சியும் கட்டாயம் என்றது. டெக்சாஸில் நிலைமை நேர்மாறு. உரிமம் வாங்க விரும்புபவர்களுக்கு இன்னமும் வகுப்பும் தேர்வும் உண்டு. ஆனால் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள 21 வயதுக்காரர் ஒருவர், எந்த வகுப்புக்கும் போகாமலேயே இடுப்பில் துப்பாக்கியோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகலாம்.

வகுப்பில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள்? எப்போது சுடலாம், எப்போது கூடாது, எங்கே எடுத்துப் போகக் கூடாது என்பதோடு, துப்பாக்கியை உடம்பில் எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வது என்பதும் அதில் வரும். வகுப்பு போய்விட்டால், அந்தப் பாடம் கடைக்காரரிடமும் யூடியூபிலும்தான் கிடைக்கும்.

சரி, ஹோல்ஸ்டர் என்ன செய்கிறது?

பார்ப்பதற்கு ஒரு பை மாதிரி. ஆனால் அதன் முதல் வேலை துப்பாக்கியைச் சுமப்பது அல்ல, ட்ரிகரை மூடி வைப்பது.

இன்று அதிகம் விற்கும் கைத்துப்பாக்கிகளில் பல, ‘ஸ்ட்ரைக்கர்’ ரகத்தைச் சேர்ந்தவை. க்ளாக் துப்பாக்கி இதற்குப் பிரபலமான உதாரணம். சினிமாவில் பார்ப்பதுபோல் கட்டைவிரலால் தள்ளிவிடும் ‘சேஃப்டி’ பட்டன் இதில் பொதுவாக இருக்காது. சுமார் 2.5 கிலோ அழுத்தத்தில் ட்ரிகர் பின்னால் போனால் குண்டு வெளியேறும். அழுத்துவது விரலா, சட்டையின் நுனியா, ஜாக்கெட் கயிறா என்று துப்பாக்கிக்குத் தெரியாது.

தடுக்க வேண்டியது அந்த உறைதான். ஆக, உரிமமும் வகுப்பும் இல்லாத ஒரு மாநிலத்தில், லோடு செய்த துப்பாக்கிக்கும் அதை வைத்திருப்பவரின் தொடைக்கும் இடையில் கடைசியாக மிஞ்சுவது அந்த உறை மட்டுமே.

சட்டம் உறையைப் பற்றி என்ன சொல்கிறது?

மிகக் குறைவாகத்தான். டெக்சாஸ் 2016-ல் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துச் செல்ல அனுமதித்தபோது, ‘தோள் உறையிலோ பெல்ட் உறையிலோ இருக்க வேண்டும்’ என்று எழுதியது. 2021 சட்டத்தில் அதையும் தளர்த்தி, ‘உறையில்’ இருந்தால் போதும் என்றாக்கியது. அந்த உறை எதனால் செய்யப்பட வேண்டும், ட்ரிகரை மூட வேண்டுமா என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

அமெரிக்காவில் குழந்தைகளின் பொம்மைக்கும் தொட்டிலுக்கும் பாதுகாப்புத் தரம் வகுக்கும் மத்திய ஆணையம் ஒன்று உண்டு. ஆனால் துப்பாக்கிகள் அதன் அதிகாரத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன. உறைகளுக்கும் ‘இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்ற கட்டாயத் தேசியத் தரம் கிடையாது. போலீஸ் உறைகளில் ‘லெவல் 1, 2, 3’ என்று சொல்லப்படுவதுகூட, பறித்துச் செல்ல எவ்வளவு கடினம் என்பதைக் குறிக்க அந்தத் தொழிலுக்குள்ளேயே உருவான கணக்குதான்.

எத்தனை வகை உறைகள்?

எங்கே அணிவது என்பதை வைத்து: பெல்ட்டுக்கு வெளியே, பேன்ட்டுக்கு உள்ளே, தோளில், கணுக்காலில், பாக்கெட்டில். மறைத்து வைக்க விரும்புபவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது பேன்ட்டுக்குள் செருகும் வகை. அதிலும் அடிவயிற்றுப் பக்கம், பெல்ட் பக்கிளுக்குச் சற்றுத் தள்ளி வைக்கும் ‘அப்பெண்டிக்ஸ்’ முறை இப்போது ரொம்பப் பிரபலம். சட்டைக்குள் சுலபமாக மறையும், சட்டென்று எடுக்கலாம். ஒரே சிக்கல், துப்பாக்கியின் வாய் தொடையின் பெரிய ரத்தக்குழாயைப் பார்த்து இருக்கும். அங்கே தவறு நடந்தால் இரண்டாவது வாய்ப்பு கிடைப்பது கஷ்டம்.

எதனால் செய்தது என்பதை வைத்து: தோல், நைலான் துணி, ‘கைடெக்ஸ்’ என்ற கடினப் பிளாஸ்டிக். கைடெக்ஸ் முதலில் விமானங்களின் உட்புறத்துக்காக உருவாக்கப்பட்ட பொருள். சூடாக்கி, குறிப்பிட்ட துப்பாக்கி மாடலின் வடிவத்துக்கே அச்சாக வார்க்கலாம். தோல் உடம்புக்கு இதமாக இருக்கும்; ஆனால் பழசாகித் தொளதொளவென்று ஆகிவிட்டால், அதன் விளிம்பே உள்ளே மடிந்து ட்ரிகரை அழுத்தக்கூடும். ‘எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்’ என்று விற்கும் மலிவான துணி உறைகளைப் பயிற்சியாளர்கள் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதையும் இறுக்கிப் பிடிக்காது.

நல்ல உறைக்கு என்ன பரீட்சை?

பயிற்சியாளர்கள் வழக்கமாகக் கேட்கச் சொல்லும் கேள்விகள் நான்கு.

1. ட்ரிகர் முழுசாக மூடியிருக்கிறதா? வெளியிலிருந்து விரலால் அழுத்தினால்கூட ட்ரிகர் அசையக் கூடாது.

2. பிடி இருக்கிறதா? குண்டுகளை முழுவதும் எடுத்துவிட்ட துப்பாக்கியை உறையில் போட்டுத் தலைகீழாகக் குலுக்கினால் விழக் கூடாது.

3. உறை பெல்ட்டிலேயே நிற்கிறதா? துப்பாக்கியை உருவும்போது உறையும் சேர்ந்து வந்தால், ட்ரிகருக்கு விரல் போகும் நேரத்தில் அங்கே ஒரு குழப்பம்.

4. துப்பாக்கியை எடுத்த பிறகும் உறையின் வாய் திறந்தே இருக்கிறதா? சுருங்கிப்போனால், திரும்ப வைக்க இன்னொரு கையால் வாயை விரிக்க வேண்டும். அப்போது அந்தக் கை துப்பாக்கி வாய்க்கு நேராக வந்துவிடும்.

இந்த நான்காவது கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. துப்பாக்கியை உருவுவதைவிடத் திரும்ப வைக்கும் நேரத்தைப் பற்றித்தான் பயிற்சியாளர்கள் அதிகம் எச்சரிக்கிறார்கள். மெதுவாக, குனிந்து பார்த்து, சட்டையை ஒதுக்கிவிட்டு வைக்க வேண்டும். அவசரமாகத் திரும்ப வைத்து எந்தப் பரிசும் வாங்கப்போவதில்லை.

இரண்டாவது கேள்விக்கு ஓர் உதாரணம் டென்வரில் கிடைத்தது. 2018 ஜூனில், பணியில் இல்லாத ஓர் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒரு மதுபான விடுதியில் டான்ஸ் ஆடிக்கொண்டே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்தார். இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கி தரையில் விழுந்தது. பதறி எடுத்தபோது குண்டு பாய்ந்தது. அங்கிருந்த ஒருவரின் காலில் பட்டது. அந்த வீடியோ உலகம் முழுக்க வைரல் ஆனது. பயிற்சி பெற்றவர்தான். ஆனால் உறை பிடிக்கவில்லை. விழுந்த பொருளைத் தாவிப் பிடிக்கும் கை, பயிற்சியை மறந்துவிட்டது.

பையில் வைத்தால் பாதுகாப்பு இல்லையா?

உடம்பில் கட்டிக்கொள்ளப் பிடிக்காதவர்கள் ஹேண்ட்பேக்கில் வைக்கிறார்கள். இதற்கென்றே தனி அறையுள்ள பைகள் கடைகளில் விற்கின்றன. 2014 டிசம்பர் 30 அன்று, ஐடஹோ மாநிலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 29 வயதுப் பெண் தன் 2 வயது மகனை ட்ராலியில் உட்காரவைத்து ஷாப்பிங் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் அப்படியொரு பை. குழந்தை ஜிப்பைத் திறந்தது. துப்பாக்கி வெடித்தது. தாய் அங்கேயே இறந்தார். அவரிடம் முறையான உரிமம் இருந்தது.

இடுப்பில் இருக்கும் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பது உடம்புக்குத் தெரியும். பையில் இருப்பது மறந்துபோகும். எவ்வளவு மறக்கிறார்கள் என்பதற்கு விமான நிலையங்களே சாட்சி. 2024-ல் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,678. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குண்டு நிரப்பியவை. ‘பையில் இருந்ததே மறந்துபோச்சு’ என்பதுதான் அங்கே வழக்கமாகக் கேட்கும் பதில்.

உறைக்குள் இருக்கும்போதே வெடித்தால்?

கடந்த சில ஆண்டுகளாக அமெரிக்காவில் ஓடும் பெரிய சர்ச்சை இது. சிக் சாவர் நிறுவனத்தின் பி320 துப்பாக்கி, யாரும் ட்ரிகரைத் தொடாமலேயே வெடித்தது என்று போலீஸ்காரர்கள் உட்படப் பலர் வழக்குத் தொடர்ந்தார்கள். உறைக்குள் இருந்தபோதே வெடித்ததாகச் சொல்லும் வழக்குகளும் அவற்றில் உண்டு. 2024 நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு நடுவர் குழு, காயமடைந்த முன்னாள் ராணுவ வீரருக்கு 1.1 கோடி டாலர் வழங்கச் சொன்னது. ட்ரிகரை இழுக்காமல் இந்தத் துப்பாக்கி வெடிக்காது என்று நிறுவனம் தொடர்ந்து மறுக்கிறது. அதற்குச் சாதகமாக முடிந்த வழக்குகளும் உண்டு.

2025 ஜூலையில் வயோமிங் விமானப்படைத் தளத்தில், இதே ரகத்தின் ராணுவ மாடலான எம்18-ல் இருந்து பாய்ந்த குண்டுக்கு ஒரு வீரர் பலியானார். ஒரு படைப்பிரிவு அந்தத் துப்பாக்கியின் பயன்பாட்டையே நிறுத்தி வைத்தது. பின்னர் இன்னொரு வீரர் கைது செய்யப்பட்டார். துப்பாக்கிகள் பரிசோதிக்கப்பட்டு ஆகஸ்டில் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தன.

துப்பாக்கியிலேயே கோளாறு என்றால் எந்த உறையும் குண்டை நிறுத்தாது. ஆனால் இந்த வழக்குகளில் உறையும் விசாரணைக்கு உள்ளாகிறது: அது அந்த மாடலுக்குப் பொருத்தமானதா, ட்ரிகர் பக்கம் இடைவெளி இருந்ததா, ஏதாவது உள்ளே நுழைந்திருக்குமா? கோடிக்கணக்கான டாலர் வழக்கின் போக்கை ஒரு சின்ன இடைவெளி மாற்றக்கூடும்.

நல்ல உறை இருந்தால் போதுமா?

போதாது. 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அவர்களில் தற்கொலை 27,300; கொலை 17,927. விபத்தாகப் பதிவானவை 463. உறை ஓரளவு தடுக்கக்கூடியது இந்தக் கடைசி எண்ணிக்கையை மட்டும்தான். அதிலும் வீட்டில் குழந்தைகள் கையில் கிடைத்த துப்பாக்கிகளுக்கு உறையைவிடப் பூட்டுதான் மருந்து.

அதற்காக 463 சின்ன எண் இல்லை. காயத்தோடு தப்பியவர்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. இவற்றில் பல, கொஞ்சம் கவனமும் சரியான பொருளும் இருந்தால் நடந்தே இருக்காதவை.

நமக்கு இதில் என்ன?

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை கிடையாது; அரசு தரும் அனுமதி. ஆனாலும் 2016 ஆயுத விதிகள் உறையைக் குறிப்பிட்டே பேசுகின்றன. உரிமம் பெற்றவர் பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலோ அதுபோன்ற பையிலோதான் எடுத்துச் செல்ல வேண்டும், அது முழுவதும் மூடியிருக்க வேண்டும், அவருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கின்றன.

ஹூஸ்டன், டல்லாஸ் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள், கடை வாசல்களில் ‘30.06’, ‘30.07’ என்ற எண்களுடன் பெரிய போர்டுகளைப் பார்க்கலாம். உரிமம் உள்ளவர்களும் மறைத்தோ வெளிப்படையாகவோ துப்பாக்கியுடன் உள்ளே வரக் கூடாது என்று கடைக்காரர் சொல்லும் அறிவிப்பு அது. போர்டு இல்லாத கடையில், வரிசையில் முன்னால் நிற்பவரின் சட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

அவர் வகுப்புக்குப் போனாரா என்று இன்று 29 மாநிலங்களில் அரசு கேட்பதில்லை. அவருடைய உறை ட்ரிகரை மூடுகிறதா என்றும் யாரும் கேட்பதில்லை. அவர் சரியான ஒன்றை வாங்கியிருப்பார் என்று நம்பித்தான், பின்னால் நிற்பவரும் தன் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போகிறார்.