தொலைபேசியில் சொல்லாதவை

ஒவ்வோர் ஆண்டும் உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியானதும் நாயாறு, செம்மலை, அளம்பில், குமுழமுனைப் பக்கத்துப் பெற்றோர் சிலர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "பிள்ளைக்குப் பேராதனை கிடைச்சிருக்கு. அவ்வளவு தூரம் விடலாமோ?" கேள்வியின் முற்பாதி மகிழ்ச்சியிலிருந்து வருகிறது, பிற்பாதி அச்சத்திலிருந்து வருகிறது. நாமும் இக்கரையிலிருந்து அங்கே சென்று படித்து மீண்டவர்கள் ஆதலின், விடலாம் என்றே விடை கூறுகிறோம். ஆயினும் அவ்வாறு கூறிவிட்டு வாளாவிருப்பது நேர்மையாகாது. பெரிய பல்கலைக்கழகமொன்றிற் படிக்கும் பிள்ளை தன் வீட்டாருக்குச் சொல்லாமல் விடுபவை பல. "சாப்பிட்டியே பிள்ளை?" என்று தாய் கேட்பாள். "ஓம் அம்மா, சுகமா இருக்கிறன், யோசியாதேங்கோ" என்று பிள்ளை விடையிறுக்கும். அந்த விடைக்கு அப்பால் உள்ளவற்றையே இந்த வாரம் எழுத முற்படுகிறோம்.

முதலிலே பருமனைச் சொல்ல வேண்டும். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் சென்று கண்டி வீதியில் ஏறினால், வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என அதே வீதி கண்டி வரைக்கும் நம்மை இட்டுச் செல்லும். வழி எளிது, சென்று சேரும் இடந்தான் எளிதன்று. மகாவலியின் இரு மருங்கிலும் அந்தானை மலைச்சாரல் வரைக்கும் சுமார் 700 எக்டேயர் பரப்பிற் கிடக்கின்றது பேராதனைப் பல்கலைக்கழகம். கொழும்பிலே 1921இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாகி, 1952இல் பெரும்பகுதி இம்மலையடிவாரத்துக்கு இடம் பெயர்ந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். அக்காலத்துப் பெரியோர் இதனைச் சர்வகலாசாலை என்பர். அச்சொல்லுக்கேற்ப இன்று ஒன்பது பீடங்கள் இருக்கின்றன.

நாயாற்றிலே ஒரு பிள்ளை வீதியில் நடந்தால், அது இன்னாருடைய பிள்ளை, இன்ன பாடத்திற் கெட்டி என்பது எதிரே வருகின்ற அனைவருக்கும் தெரியும். பேராதனையில் எவருக்கும் தெரியாது. ஊரிலே முதலாம் பிள்ளையாக இருந்தவர் அங்கே, தத்தம் ஊரில் முதலாம் பிள்ளைகளாக இருந்த நூற்றுக்கணக்கானோருள் ஒருவர். இது முதல் மாதத்திலே பெருந்துயரமாகத் தோன்றும். சில காலஞ் செல்ல, எவரும் நம்மைக் கவனியாத இடத்தில் நம் விருப்பப்படி சிந்திக்கலாம் என்னும் விடுதலையாகவும் தோன்றும். இரண்டும் உண்மையே.

அடுத்தது ஆங்கிலம். கலைத்துறை செல்வோர் தமிழிலே தொடர இடமுண்டு. மருத்துவம், பொறியியல், விவசாயம், விஞ்ஞானம் முதலியவற்றுக்குச் செல்வோர்க்கு அந்த வாயில் இல்லை. பதின்மூன்று ஆண்டு தமிழிற் கற்ற பிள்ளை ஒரு காலை வேளையில் மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்து, ஓடுகின்ற ஆங்கிலத்தைத் தமிழெழுத்திலே குறிப்பெடுக்கத் தொடங்கும். ஒளித்தொகுப்பை அதற்குத் தெரியும். 'போட்டோசிந்தசிஸ்' என்றால் திகைக்கும். பிரசாரணத்தைப் படம் வரைந்து விளக்கும். 'ஒஸ்மோசிஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் புதிய பொருளொன்று வந்துவிட்டதென எண்ணும். இழைமணிதான் 'மைற்றோகொண்ட்ரியா' என்று அறிய ஒரு பின்னேரம் போய்விடும். அறிவு உண்டு, அதன் பெயர்தான் மாறிவிட்டது. ஆனால் முதற்பரீட்சை பெயரைத்தான் கேட்கிறது. அந்தப் பரீட்சையில் ஒரு பாடம் தவறிவிட்டால், அதை வீட்டுக்குச் சொல்லும் பிள்ளை நூற்றுக்கு ஒன்று கூட இராது என்பது நம் எண்ணம். ஊரிலே தவறியறியாத பிள்ளைக்கு, தவறியதைச் சொல்லும் பழக்கமே இல்லையன்றோ! தாய்மார் "சாப்பிட்டியே" என்பதோடு, "இண்டைக்கு என்ன விளங்கேல்லை?" என்றும் கேட்பாராயின் பாதிச் சுமை இறங்கும். மூத்த மாணவரின் தமிழ்க் குறிப்புக்களும், இரண்டு மொழியிலும் சொல் தரும் ஒரு கலைச்சொல் அகராதியும் மீதியை இறக்கும். இரண்டாம் ஆண்டின் நடுவில் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது என்பதையும் சொல்லவேண்டும்.

இனிச் சொல்வது சற்றுக் கூச்சமான செய்தி. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதமான இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 வீதமானவை மாவட்ட மக்கள்தொகைக்கும், 5 வீதமானவை கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் நமது முல்லைத்தீவும் ஒன்று. ஆகவே நம் பிள்ளைகளுள் சிலர் கொழும்பு, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளினும் குறைந்த இசட் புள்ளியோடு ஒரே வாங்கில் அமர்கின்றனர். "உங்களுக்கு மாவட்டம் கைகொடுத்தது" என்று ஒருவர் விளையாட்டாகச் சொன்னாற் போதும். பிள்ளைக்கு அன்றிரவு நித்திரை இல்லை. சொல்பவர் பெரும்பாலும் தமிழராகவே இருப்பார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இதற்கொரு பழைய வரலாறு உண்டு. 1971ஆம் ஆண்டு அனுமதியிலே மொழிவாரித் தரப்படுத்தல் புகுந்தபோது தமிழ் மாணவர் அநீதிக்கு ஆளாயினர். அதன் கசப்பு இந்நாட்டின் அரசியலையே மாற்றிற்று. அதன் பின் வந்த மாவட்ட ஒதுக்கீட்டை யாழ்ப்பாணம் வெறுத்தது. வன்னிக்கோ, மன்னாருக்கோ அது முதன்முதலாகக் கதவைத் திறந்தது. ஒரே ஏற்பாடு தமிழருள் ஒருவருக்கு அடைத்த கதவாகவும் மற்றவருக்குத் திறந்த கதவாகவும் இருந்தமையை நம்மவர் வெளிப்படையாகப் பேசுவது அரிது. இன்று பல்கலைக்கழகம் புகும் நம் பிள்ளை 2009இல் மூன்று நான்கு வயதுக் குழந்தை. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு ஆகிய ஊர்களின் குடும்பங்கள் 1984 டிசம்பரில் வீடுகளை விட்டு வெளியேறி, போர் முடிந்த பின்னரே திரும்பத் தொடங்கின. இடையிற் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்குப் பள்ளிக்கூடமே இடம்பெயர்ந்த ஒன்று. அந்தக் கணக்கை இசட் புள்ளி கூட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளைக்கு இதனை வீட்டிலேயே சொல்லி அனுப்புவது நன்று. அங்கே போய் அறிந்தால் அவமானமாகவே அறியும்.

பகிடிவதையைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. ஆனால் ஒளிக்கவும் மாட்டோம். 1997இல் பேராதனையிலே பொறியியல் கற்ற தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். அடுத்த ஆண்டே 20ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்தும் கேடு முற்றாக ஒழியவில்லை. "எல்லாரும் படுகிறதுதானே, பொறுத்துக்கொள்" என்று தந்தையர் சொல்லுவது தவறு. மூத்தவர் ஒருவர் பெயர் கேட்பது வேறு, பிள்ளையின் உடலிலும் மானத்திலும் கைவைப்பது வேறு. பின்னது நேர்ந்தால் பிள்ளை முதலில் அழைக்கக்கூடிய ஒருவர் வீட்டிலே இருக்கவேண்டும்.

இத்தனையும் படித்தபின் எந்தத் தாய்தான் பிள்ளையை விடுவாள் என்று வாசகர் கேட்பர். பொறுத்தருள்க, நல்லவற்றுக்கு இப்போதுதான் வருகிறோம். நூல்நிலையத்தில் மாலை மயங்கும் வரை ஒருவரும் எழுப்பாமல் இருந்து படித்த பிள்ளை, வாழ்நாளில் அதை மறப்பதில்லை. குறிஞ்சிக்குமரன் கோயிலிலே வெள்ளி தோறும் கூடும் தமிழ்ப் பிள்ளைகளுள் மலையகமும் மட்டக்களப்பும் மன்னாரும் இருக்கும்; தமிழில் இத்தனை பேச்சா என்று வியப்பதற்கே ஓராண்டு செல்லும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தை 1962இல் 'கர்ணன் போர்' ஆகவும், பின்னர் 'இராவணேசன்' ஆகவும் மேடையேற்றியது இந்தப் பேராதனையில் இருந்துதான். கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த முல்லைத்தீவுப் பிள்ளை, தன் ஊர்ச்சரக்குக்குப் பல்கலைக்கழகத்தில் மதிப்புண்டென்று அங்கேதான் அறிகிறது. 1961இல் சரச்சந்திராவின் 'சிங்கபாகு' அரங்கேறிய திறந்தவெளி அரங்கிலே இன்றும் புல்தரையில் அமர்ந்து நாடகம் பார்க்கலாம்.

சிங்களப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் கரையிற் பிறந்த பிள்ளை சிங்களம் பேசுவோரைச் சோதனைச் சாவடியிலும், பருவத்துக்கு மேற்குக் கரையிலிருந்து வந்து வாடியடிக்கும் தொழிலாளரிடையேயுமே பெரிதும் கண்டிருக்கும். விடுதியிலோ பக்கத்துக் கட்டிலில் குருநாகலோ மாத்தறையோ படுத்திருக்கும். காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துத் தருவதும் அதுவே. குடையைக் கேளாமல் எடுத்துச் செல்வதும் அதுவே. இந்த நட்பு பொய்யன்று. ஆயினும் மே மாதம் 18ஆம் திகதி ஒன்று வருகிறது. அன்று நம் ஊரிலே முள்ளிவாய்க்காலை நினைந்து கஞ்சி காய்ச்சுவர். அதே கிழமை தெற்கிலே போர்வெற்றியை நினைவுகூர்வர். ஒரே அறையில் இருவர் அன்று ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் தேநீர் அருந்துவர். சில அறைகளில் ஒருவர் மெல்லக் கேட்பார்: "உன் வீட்டில் யாரையேனும் இழந்தீர்களா?" பிள்ளை எந்த மொழியில் விடை சொல்வதென்று தேடும். அந்தப் பேச்சு நடந்த அறைகளும் உண்டு, நான்கு ஆண்டும் நடவாமலே போன அறைகளும் உண்டு.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். 1981இல் தொடங்கிய மகாபொல உதவிப்பணத்தை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்துவதாக 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. அது உணவுக்கே போதாது. கடலிலோ களப்பிலோ தொழில் குன்றும் மாதங்களில் வீட்டிலிருந்து பணம் வாராதென்று பிள்ளைக்குத் தெரியும், கேட்காது. இரவுச் சோற்றுக்குப் பதில் பாணும் சம்பலும் வாங்கிக்கொண்டு, சோறு தின்றதாகச் சொல்லும்.

பெண்பிள்ளையாயின் அருகிலேயே படிக்கட்டுமே என்போர் பலர். 2021 ஆகஸ்டிலிருந்து வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. அவை நல்லவை, பிள்ளை விரும்பிய துறை அங்கே கிடைக்குமாயின் தயங்க வேண்டியதில்லை. ஆனால் தூரம் என்னும் ஒரே காரணத்தால் கால்நடை மருத்துவத்தை விட்டு வேறெதையோ படிக்கச் சொல்வதை நாம் ஒப்புக்கொள்ளோம். அச்சம் மிகுந்த பெற்றோர் ஒன்று செய்யலாம். பதிவு நாளன்று பெட்டியை விடுதி வாசலிற் போட்டுவிட்டு மாலைப் பஸ்ஸிலே திரும்பாமல், கண்டியில் ஒரு நாள் தங்கி, பிள்ளை படிக்கப்போகும் மண்டபத்தையும் உண்ணப்போகும் சாப்பாட்டுச் சாலையையும் தம் கண்ணாலே பார்த்து, அங்கே ஒரு நேரம் தாமும் உண்டுவிட்டு வரட்டும்.