முள் வெட்டுவது யார், ஏலம் எடுப்பது யார்?

சீமைக் கருவேலம் ஒழிய வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. வைகை, குண்டாறு படுகைகளில் வரத்துக்கால்களை அடைத்து, கண்மாய்க்குள் காடாக நிற்கிறது அந்த மரம். 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காக அதைக் கொண்டுவந்தது ஆங்கிலேய ஆட்சி. விடுதலைக்குப் பிறகு வறண்ட மாவட்டங்களில் பரப்பியது நம் அரசு. 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உடனே அகற்றச் சொன்னது. அதே ஆண்டு சென்னையில் இடைக்காலத் தடை விழுந்தது. 2022இல் அரசு கொள்கையே வெளியிட்டது. (மேடைகளில் இதை 'வந்தேறி மரம்' என்கிறார்கள். யார் மண்ணின் மைந்தர் என்று பட்டியல் போடுகிறவர்களுக்கு இனிக்கும் சொல்.)

நம் கேள்வி வேறு. கண்மாய் முள் யார் கைக்குப் போகிறது?

இராமநாதபுரம், விருதுநகர் பக்கம் முள்ளை வெட்டுவதும், கட்டைகளை அடுக்கி மண் பூசி மூட்டம் போடுவதும், புகைக்குள் நின்று இரவு பகலாகக் காப்பதும் நிலமற்ற உழைப்பாளிகள். பெரும்பாலும் தலித்துகள், அவர்களில் பெண்கள் ஏராளம். கண்மாய்க்கோ 'ஊர்ப் பொது' என்று பெயர். ஆனால் ஏலம் கேட்கக் கையில் பணம் வேண்டும். ஊர்க்கூட்டத்தில் எதிர்த்துக் கேட்டுவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பவும் வேண்டும். இரண்டும் யாருக்கு வாய்க்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இந்த ஏலம்தான் மரத்தையும் வாழவைக்கிறது. ஏலதாரருக்கு வேண்டியது விறகு. தரையோடு வெட்டிக்கொண்டு போய்விடுவார். தூரிலிருந்து பல கிளையாக வெடித்து, சில ஆண்டுகளில் அடுத்த ஏலத்துக்குத் தயாராகிவிடும். வேரோடு பிடுங்கி, முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் களைந்தால்தான் அது சாகும். மேல் கண்மாயை விட்டுவிட்டுக் கீழ்க் கண்மாயைச் சுத்தம் செய்வதும் வீண். வெள்ளத்தோடும் ஆட்டுப் புழுக்கையோடும் விதை கீழே இறங்கிவிடும்.

'ஏழைகளின் பிழைப்பு, மரத்தைத் தொடாதே' என்று உருகும் தோழர்களுக்கும் ஒன்று: கரிப்புகை யாருடைய பண்பாடும் அல்ல. நிலம் தராத ஊரில் மிஞ்சிய வேலை அது. அதைக் காப்பாற்றித் தருவதல்ல நீதி. ஒரே நாளில் பொக்லைனை இறக்கி அந்தக் கூலியையும் பிடுங்குவது அதைவிடக் கேடு.

ஏலத்தை நிறுத்துங்கள். வெட்டும் உரிமையையும் விற்ற பணத்தையும் வெட்டுகிறவர்களின் கூட்டுறவிடம் கொடுங்கள். கன்று களைவதை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்த்து முழுக் கூலி போடுங்கள். கண்மாய்க்கு வெளியே முள் மூடிக் கிடக்கும் தரிசுகளில் பஞ்சமி நிலம் எவ்வளவு என்று முதலில் அளந்து சொல்லுங்கள். முள் போனதும் அங்கே யார் வேலி போடுகிறார்கள் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.