பையனுக்கு ஜாமீன் மட்டும் போதுமா?



'பவுடர் கேஸில் இன்னார் மகன் உள்ளே போய்விட்டான்.' ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது காதில் விழுகிறது. நாம் என்ன செய்கிறோம்? முகத்தைத் திருப்பிக்கொண்டு கடை திறக்கப் போகிறோம். அவனுடைய வாப்பா கல்லாவைத் துடைத்து வக்கீலுக்குக் கொடுக்கிறார். ஜாமீன் கிடைக்கிறது. ஒரே மாதத்தில் மீண்டும் அதே சந்து, அதே பொட்டலம்!

அவன் நோயாளியும்கூட என்பதை யார் பேசுவது?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில்தான் அவனைப் பிடிக்கிறார்கள். அதே சட்டத்தின் 39ஆம் பிரிவைப் பாருங்கள். சிறிய அளவோடு பிடிபட்டுக் குற்றம் உறுதியான போதை அடிமையை, அவன் சம்மதித்தால், சிறைக்கு அனுப்பாமல் அரசு அங்கீகரித்த மருத்துவமனைக்கு அனுப்ப நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. 64ஏ பிரிவோ, தானே முன்வந்து சிகிச்சையை முடிப்பவனுக்கு வழக்கிலிருந்தே விலக்குத் தருகிறது. ஹெராயின் 5 கிராம், கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவுதான். (மூட்டைக் கணக்கில் கடத்துபவனுக்கு இந்த வாசல் இல்லை, இருக்கவும் கூடாது!) எத்தனை வக்கீல்கள் இதற்கு மனுப் போட்டார்கள்? எத்தனை வாப்பாக்கள் போடச் சொன்னார்கள்?

சரி, சிறைக்கே போய்விட்டான். அங்கே? தினமும் குடித்தவன் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வலிப்பு வரும், பிதற்றுவான். மருந்தில்லாவிட்டால் உயிரே போகலாம். ஹெராயின் பழகியவனுக்கு ஆபத்து வெளியேதான் காத்திருக்கிறது. உள்ளே இருந்த மாதங்களில் உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். விடுதலையான முதல் இரண்டு வாரத்துக்குள் பழைய அளவையே ஏற்றுகிறான். வீட்டுக்கு மையித்து வருகிறது!

டெல்லி திகார் சிறையில் 2008லேயே ப்யூப்ரெனார்பின் மருந்து கொடுத்துச் சிகிச்சை தொடங்கினார்கள். டாஸ்மாக் மூலம் 2024-25ல் 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பார்த்த தமிழக அரசு, தன் ஒவ்வொரு மத்தியச் சிறையிலும் இதற்கென எத்தனை மருத்துவர், எத்தனை படுக்கை என்று கணக்கு வெளியிடட்டும்!

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. குடித்துவிட்டுத் தண்டனை பெற்றவரை ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் சபித்தவரைத்தான் தடுத்தார்கள். புகாரியில் இருக்கிறது. தண்டனையை விடவில்லை, ஆளையும் கைவிடவில்லை. நாமோ ஆளை மட்டும் கைவிட்டுவிட்டு, பத்வாவை வாயில் வைத்திருக்கிறோம்.

உங்கள் மஹல்லாவிலிருந்து இன்று எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள்? ஜமாஅத் பட்டியல் எடுக்கட்டும். பைத்துல்மாலிலிருந்து வக்கீலுக்குக் கொடுத்தால், சிகிச்சைக்கான மனுவையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். விடுதலையாகும் அன்று இரண்டு இளைஞர்கள் சிறை வாசலில் நின்று, நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும். அங்கிருந்து வந்தபின் அவனுக்குத் தன் கடையில் வேலை தர, பஜாரில் ஒருவராவது கை தூக்குவீர்களா?